நாணில் தொங்கும் சின்ன வளையம்: டி-லூப் உண்மையில் என்ன செய்கிறது?

மதுரை நாகமலைப் பக்கம் நாங்கள் வில்வித்தை பழகும் மைதானத்துக்கு ஒருவர் மகனுக்கு வாங்கிய புது காம்பவுண்ட் வில்லோடு வந்தார். நாணின் நடுவில் துருத்திக்கொண்டிருந்த துண்டுக் கயிற்றைத் தொட்டுக் காட்டி, "இது என்னண்ணே, கடையில கழட்ட மறந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். "நாண் தேயாம இருக்கக் கட்டுறது" என்றார் ஒருவர். "அது இருந்தா அம்பு வேகமாப் போகும்" என்றார் இன்னொருவர். முதல் பதில் பாதி சரி. இரண்டாவது தவறு, அந்தக் கயிற்றின் எடையையும் நாண் சுமப்பதால், அம்பின் வேகம் மயிரிழை குறையத்தான் செய்யும். பல வருடம் வில் பிடித்தவர்களே இதை இப்படித்தான் அரைகுறையாகப் பேசுகிறார்கள். யூடியூபில் தேடினால் பெரும்பாலும் அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் பேசுவதுதான் வருகிறது. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இங்கே நாம் எய்வது அட்டையில் ஒட்டிய தாளைத்தான்.

அந்த வளையத்தின் பெயர் டி-லூப். ஆங்கில டி எழுத்தைப் போல நாணில் ஒட்டி நிற்பதால் அந்தப் பெயர். பழகுகிறவர்கள் சுருக்கமாக லூப் என்பார்கள். அது என்ன வேலை பார்க்கிறது என்று புரிய, இரண்டு மூன்று படி கீழே இறங்கி வர வேண்டும்.

முதலில் வில்லைப் பற்றிக் கொஞ்சம்

திருவிழாக் கடையில் விற்கும் மூங்கில் வில்லை இழுத்துப் பாருங்கள். இழுக்க இழுக்கக் கனம் கூடும். முழுதாக இழுத்த நிலையில்தான் கை அதிகம் நடுங்கும், அந்த நிலையில்தான் குறியும் பார்க்க வேண்டும். ஒலிம்பிக்கில் இதுவரை பார்த்த ரீகர்வ் வில்லும் இந்த வகைதான்.

காம்பவுண்ட் வில் வேறு மாதிரி. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர் இதற்கு 1969-இல் காப்புரிமை பெற்றார். வில்லின் இரு முனையிலும் கேம் என்கிற சக்கரம் இருக்கும். கிணற்றுச் சகடை போலத் தெரியும், ஆனால் சரியான வட்டம் இல்லை. முட்டை போலக் கோணலானது. அந்தக் கோணல்தான் சூட்சுமம். இழுக்க ஆரம்பிக்கும்போது கனம் ஏறும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும் சக்கரம் புரண்டு, கையில் உள்ள சுமை சட்டென்று இறங்கிவிடும். இந்த இறக்கத்துக்கு லெட்-ஆஃப் என்று பெயர்.

சர்வதேசப் போட்டிகளில் காம்பவுண்டுக்கு அனுமதித்த உச்சக் கனம் 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ. பலசரக்குக் கடையில் வாங்கும் 26 கிலோ அரிசிச் சிப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லெட்-ஆஃப் 80 சதவீதம் என்றால், முழுதாக இழுத்து நிற்கும்போது கையில் மிஞ்சுவது ஐந்தரைக் கிலோவுக்கும் குறைவு. சிப்பத்தின் கனம் வில்லுக்குள்ளேதான் இருக்கிறது, நீங்கள் ஐந்து கிலோ பையைத்தான் பிடித்திருக்கிறீர்கள். நிதானமாகக் குறி பார்க்கலாம்.

விரல் ஏன் வேண்டாம்?

சின்ன வயதில் கவட்டை அடித்திருப்பீர்கள். கல் வைத்த தோலைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இடுக்கி இழுத்து விடுவோம். விடும்போது விரல் ஒரு பக்கமாக நழுவினால், கல் மாங்காய்க்குப் போகாமல் கவட்டை பிடித்த கைக்கே வரும். நகக்கண்ணில் வாங்கியவர்களுக்குத் தெரியும்.

நாணை மூன்று விரலால் இழுத்து விடும்போதும் சின்ன அளவில் இதே நழுவல்தான் நடக்கிறது. விரல்கள் திறந்து வழிவிட்டாலும், நாண் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் வெளியேற முடியும். பக்கவாட்டில் கொஞ்சம் ஒதுங்கி, பிறகு நேர்ப்பாதைக்கு வரும். அந்த உதறலில் அம்பு பாம்பு போல நெளிந்துகொண்டு போகிறது. ரீகர்வ் வீரர்கள் அந்த நெளிவுக்கு ஏற்ற விறைப்புள்ள அம்பைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடப் பல வருடம் பழகுகிறார்கள்.

காம்பவுண்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. ரீகர்வ் வில்லின் நீளம் பொதுவாக 66 முதல் 70 அங்குலம். காம்பவுண்டில் ஒரு சக்கரத்தின் அச்சிலிருந்து மற்றதன் அச்சு வரை பெரும்பாலும் 30 முதல் 40 அங்குலம்தான். குட்டையான வில்லை முழுதாக இழுத்தால் நாண் கூர்மையான கோணத்தில் மடங்கும். அந்த முனையில் மூன்று விரலை வைத்தால், விரலும் நசுங்கும், அம்பின் வாலும் நசுங்கும்.

அதனால்தான் ரிலீஸ். கையில் பிடிக்கும் அல்லது மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சின்னக் கருவி அது. முனையில் ஒரு கொக்கியோ இரண்டு தாடைகளோ இருக்கும். டிரிகரைத் தொட்டால், அல்லது கட்டை விரலால் பொத்தானை அழுத்தினால், அது திறந்து நாணை விட்டுவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, ஒரே இடத்திலிருந்து. கைகள் இல்லாமல் பிறந்த ஷீத்தல் தேவி 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு அணி வெண்கலம் வென்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வில்லைக் காலால் பிடித்து, தோளில் பொருத்திய ரிலீஸால் நாணை இழுக்கிறார். இழுப்பது யார், எதனால் இழுக்கிறார் என்பது நாணுக்குத் தெரியாது. எந்தப் புள்ளியில், எந்தத் திசையில் இழுபடுகிறது என்பதுதான் அதற்கு முக்கியம்.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: காம்பவுண்ட் வில், பிடித்து நிற்கும் கனத்தைக் குறைக்கிறது. ரிலீஸ், விரலின் உதறலை நீக்குகிறது. சரி, அந்த ரிலீஸை எதில் மாட்டுவது?

நேராக நாணிலேயே மாட்டினால்?

ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார்கள். இன்றைக்கும் சிலர் செய்கிறார்கள். எந்த இடத்தில் மாட்டுவது என்று பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

அம்பின் வாலில் நாக் என்று ஒரு பிளவுபட்ட பிளாஸ்டிக் முனை இருக்கும். அது நாணைக் கவ்விக்கொள்ளும். நாணின் சரியான இடத்தில் நாக் உட்கார்ந்துவிட்டதால், அதே இடத்தில் ரிலீஸுக்கு இடமில்லை. அதற்கு அடியில், ஒரு விரல்கடை கீழே மாட்ட வேண்டும். அதாவது இழுக்கும் புள்ளி ஓரிடம், அம்பு இருக்கும் புள்ளி இன்னோரிடம்.

துணி காயப்போடும் கொடிக்கயிற்றை வைத்து இதைப் பார்த்துவிடலாம். கயிற்றில் ஒரு கிளிப்பை மாட்டுங்கள். கிளிப்புக்குச் சற்றுத் தள்ளி ஒரு விரலால் கயிற்றை உங்கள் பக்கம் இழுங்கள். கயிறு மடங்குவது விரல் இருக்கும் இடத்தில். கிளிப் அந்த மடிப்பில் இருக்காது; சரிவில் சாய்ந்து நிற்கும். வில்லிலும் அப்படியே. நாண் ரிலீஸ் இருக்கும் இடத்தில் மடங்குகிறது, நாக் மேல் சரிவில் சாய்ந்து உட்கார்கிறது. ரிலீஸின் தலை வேறு கீழிருந்து நாக்கை முட்டி, அம்பை மேல்நோக்கி நெம்பும். விட்ட நொடியில் மடிப்பு நிமிரும்போது, அம்பின் வாலுக்கு மேலும் கீழுமாக ஓர் உதை கிடைக்கும். இதைத் தணிக்க நாக்குக்கும் ரிலீஸுக்கும் நடுவில் ஒரு ரப்பர் பொத்தானை வைத்துப் பார்த்தார்கள். ஓரளவு உதவியது, இழுக்கும் புள்ளி இடம் மாறவில்லை.

இந்த உதை எவ்வளவு பெரிய விஷயம்? காம்பவுண்ட் போட்டி தூரம் 50 மீட்டர். பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 8 செ.மீ., ஒரு சின்ன இட்லி அளவு. 70 செ.மீ. நீள அம்பின் வால் அரை மில்லிமீட்டர் மேலே போனால், வெறும் கோணக் கணக்கில் 50 மீட்டருக்கு அப்பால் அது மூன்றரை செ.மீ. வித்தியாசம். இட்லியின் நடுவிலிருந்து கிட்டத்தட்ட விளிம்புக்கே போய்விட்டோம். ஒவ்வொரு தடவையும் அதே அரை மில்லிமீட்டர் என்றால் குறிபார்க்கும் சைட்டைத் திருகிச் சரிசெய்துவிடலாம். இன்றைக்கு அரை, நாளைக்குக் கால் என்றால் எதைத் திருகுவது?

தேரும் இரண்டு வடமும்

சித்திரைத் தேர் மாசி வீதிகளில் வரும்போது கவனித்திருக்கிறீர்களா? பக்கத்துக்கு ஒன்றாக வடங்கள். இரண்டையும் சமமாக இழுத்தால் தேர் நேராக வரும். ஒரு பக்கத்து வடம் மட்டும் இறுகினால் தேர் முகத்தைத் திருப்பும். இவ்வளவுக்கும் தேருக்கு நட்ட நடுவில் யாரும் கயிறு கட்டவில்லை. இரண்டு பக்க இழுப்பும் சேர்ந்து, நடுவில் ஒரே கயிறு இருப்பது போன்ற பலனைத் தருகிறது.

டி-லூப் செய்வது இதைத்தான். வளையத்தின் ஒரு கால் நாக்குக்கு மேலே, இன்னொரு கால் நாக்குக்குக் கீழே. ரிலீஸ் வளையத்தின் வளைவில் மாட்டிக்கொள்கிறது. இழுக்கும்போது கனம் இரண்டு காலுக்கும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிகிறது. இரண்டும் சேர்ந்த இழுப்பு நாக்குக்கு நேர் பின்னால் விழுகிறது. அம்பு இருக்கும் புள்ளியும் இழுக்கும் புள்ளியும் ஒன்றாகிவிட்டன. நாக்கை எதுவும் நெம்பவில்லை. அது இரண்டு முடிச்சுக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

லூப்பின் முதல் வேலை இதுதான் என்பேன். மற்றதெல்லாம் கூடவே வரும் லாபம். அந்த லாபங்களும் சின்னவை அல்ல. நாணின் நடுப்பகுதியில் சர்விங் என்று ஒரு நூல் சுற்று இருக்கும், பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிய மாதிரி நெருக்கமாக. ரிலீஸின் உலோகத் தாடை நேராக அதில் மாட்டினால் அதைக் கடித்துக் கடித்துப் பிரித்துவிடும்; மறுபடி சுற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. லூப் இருந்தால் தேய்வது துண்டுக் கயிறு. அதை மாற்றப் பத்து நிமிடம் போதும். மைதானத்தில் அந்த நண்பர் சொன்ன பாதி உண்மை இதுதான்.

அப்புறம் முறுக்கம். நம் மணிக்கட்டு இழுக்கும்போது கொஞ்சம் திருகத்தான் செய்யும். உலோகத் தாடை நாணையே பிடித்திருந்தால் அந்தத் திருகல் அப்படியே நாணுக்குப் போகும். நடுவில் வளையும் கயிறு இருப்பதால் அது ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது. முழுதாக இல்லை, கையை முரட்டுத்தனமாகத் திருகினால் லூப்பும் காப்பாற்றாது.

ஆக, நாக்குக்கு நேர் பின்னாலிருந்து இழுபடுவது, சர்விங் பிழைப்பது, கைத் திருகல் குறைவது. இந்த வரிசையில் நினைவு வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

கட்டும்போது

லூப்புக்கென்றே பின்னல் கயிறு விற்கிறார்கள். தடிமன் இரண்டு மில்லிமீட்டர் அளவு. வழுக்கும் சாதாரண நைலான் கயிற்றை வைத்து முயற்சி செய்யாதீர்கள். ஒரு லூப்புக்குப் பதினொன்று, பன்னிரண்டு செ.மீ. நீளம் போதும். முனையைச் சற்றுப் பிரித்துவிட்டு, லைட்டரில் காட்டி உருக்கினால் காளான் தலை மாதிரி ஒரு குண்டு உருவாகும். முடிச்சு வழியாகக் கயிறு உருவிக்கொண்டு வராமல் தடுப்பது அந்தக் குண்டுதான்.

என் முதல் லூப்பில் அந்தக் குண்டைப் போதிய அளவுக்கு விடாமல் கடுகு அளவில் விட்டுவிட்டேன். பாதி இழுத்தபோது மேல் முடிச்சு உருவிக்கொண்டது. என் முஷ்டி என் தாடையிலேயே இறங்கியது. அம்பு அட்டைக்கு மேலே பறந்து சீமைக்கருவேலங் காட்டுக்குள் போனது. அம்பு கிடைக்கவில்லை. வீட்டில் உதட்டைப் பார்த்து, "யாரோட சண்ட?" என்று கேட்டார்கள். முன்னால் யாரும் நிற்காதது என் அதிர்ஷ்டம்.

முடிச்சு எளியது. சாவியில் ஒரு கயிற்று வளையத்தை நுழைத்து, அதற்குள்ளேயே சாவியை விட்டு இறுக்குவோமே, அதே முடிச்சு. மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒரே ஒரு விஷயத்தில்தான் கவனம் வேண்டும்: இரண்டு குண்டும் நாணின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று இடது என்றால் மற்றது வலது.

எங்களிடம் பழகும் ஒரு பையனின் அப்பத்தா மாட்டுத்தாவணியில் பூக்கட்டுகிறவர். அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து லூப் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ரெண்டு முடிச்சும் ஒரே பக்கம் கெடந்தா நூலு முறுக்கிக்கிரும்டா, மாத்திப் போடு" என்றாராம். வில்லை அவர் அதற்கு முன் தொட்டதுகூட இல்லை. மல்லிகையை அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு என்று வைத்துக் கட்டியே பழகிய கை. அவர் சொன்னதுதான் காரணமும். ஒரே பக்கம் இருந்தால், இழுக்கும்போது இரண்டு முடிச்சும் சேர்ந்து நாணை ஒரு பக்கமாகத் திருகும். நாணின் இழைகளுக்கு நடுவில் பீப் என்று ஒரு சின்ன ஓட்டை வளையம் வைத்திருப்பார்கள், அதன் வழியாகத்தான் குறி பார்ப்போம். நாண் திருகினால் பீப்பும் திரும்பிக்கொள்ளும். கண்ணுக்கு முன்னால் ஓட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் விளிம்புதான் தெரியும். எதிரெதிர்ப் பக்கம் கட்டினால் ஒன்றின் திருகலை மற்றது சரிக்கட்டிவிடும்.

எந்த உயரத்தில் கட்டுவது? அம்பு நாணுக்குச் செங்குத்தாக, அல்லது வால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே இருக்கும்படி ஆரம்பிப்பது வழக்கம். இதை அளக்க வில்லில் மாட்டும் மூலைமட்டம் கிடைக்கிறது. கண்ணளவில் வைப்பவர்கள் பிறகு ஒரு மாதம் சைட்டைத் திருகிக்கொண்டிருப்பார்கள். குறித்த உயரத்தில், நாக் உட்காரும் இடத்துக்கு மேலும் கீழும் நூலால் சில சுற்றுச் சுற்றிவிட்டால் லூப் தானாக ஏறி இறங்காது.

இடைவெளியும் முக்கியம். முடிச்சுகள் நாக்கை இரண்டு பக்கமும் நெருக்கக் கூடாது. வில்லை இழுக்கும்போது கோணம் கூர்மையாகி முடிச்சுகள் ஒன்றையொன்று நெருங்கி வரும். சும்மா இருக்கும்போதே நாக்கை ஒட்டி இருந்தால், இழுத்த நிலையில் கவ்விக்கொள்ளும். தடித்த காகிதம் ஒன்று நுழையும் இடைவெளி விடுங்கள். ரொம்பத் தாராளமாக விட்டால் நாக் மேலும் கீழும் ஆடும். இந்தப் பக்குவம் இரண்டு மூன்று லூப் வீணானால்தான் கைக்கு வரும்.

கடைசியாக, கூர்மூக்குக் குறடை வளையத்துக்குள் விட்டு, வாயைத் திறப்பது போல விரித்து இறுக்க வேண்டும். கையால் இறுக்கியது போதாது. முதல் முறை இழுக்கும்போது அட்டைக்குப் பக்கத்தில், அம்பு பூட்டி, முகத்தைக் கொஞ்சம் விலக்கி, மெதுவாக இழுங்கள். அம்பு இல்லாமல் ஒருபோதும் நாணை விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய வேகம் முழுவதும் வில்லின் கைகளுக்கு, அதாவது மேலும் கீழும் வளைகிற பகுதிகளுக்கு, திரும்பும். அவை பிளந்து தெறித்துவிடலாம்.

வில் நீளமாகிவிட்டதா?

லூப் கட்டிய மறுநாள் எல்லோரும் கேட்பது இது. "நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சு, இன்னைக்குக் கை காதுக்குப் பின்னாடி போகுது."

வில் மாறவில்லை. நாண் முன்பு எவ்வளவு பின்னால் வந்ததோ அவ்வளவுதான் இப்போதும் வருகிறது. நாணுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் ஒரு வளையம் புதிதாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். வளையம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் இருந்தால் கை அதே அளவு பின்னுக்குப் போகும். கை நம் முகத்தின் தாடையில் ஒரே இடத்தில் வந்து நிற்பதை வைத்துத்தான் குறி நிலைக்கிறது. அந்த இடம் தப்பினால் எல்லாம் தப்பும். ரிலீஸின் வாரில் நீளத்தைக் குறைக்க முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். முடியாவிட்டால் கேமில் இழுவை நீளத்தைக் குறைக்க வேண்டும். லூப்பை நாணோடு ஒட்டினாற்போல் குட்டையாகக் கட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். அப்புறம் ரிலீஸை மாட்டவே இடமிருக்காது, ரிலீஸின் தாடை அம்பின் நாக்கில் இடிக்கும். வந்த காரணமே போய்விடும்.

எப்போது மாற்றுவது

இத்தனை அம்புக்கு ஒரு தடவை என்று கணக்கு வைப்பவர்கள் உண்டு. நான் பார்ப்பது, ரிலீஸ் மாட்டும் வளைவில் கயிறு மயிர் மயிராகப் பிரிந்திருக்கிறதா, தட்டையாகிவிட்டதா, குண்டு முடிச்சுக்குள் புதைய ஆரம்பித்திருக்கிறதா என்பதைத்தான். மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மாற்றிவிடுவேன். மாற்றும்போது பழைய முடிச்சு இருந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளாமல் வெட்டாதீர்கள்.

அக்னி நட்சத்திர நாட்களில் வில்லைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது இன்னொரு பழக்கம். சூட்டில் நாண் நீண்டு கொடுக்கும், பீப் திரும்பும். வந்து லூப்பின் மேல் பழி போடுவார்கள்.

அந்த அப்பாவின் கேள்விக்கு அன்று மைதானத்தில் இவ்வளவு நீளமாகப் பதில் சொல்லவில்லை. மகனின் வில்லில் ஒரு அம்பைப் பூட்டி, ரிலீஸை லூப்பில் மாட்டி, மெல்ல இழுத்துக் காட்டினேன். பிறகு அம்பை விடாமலே இறக்கினேன். "நாக் அசையவே இல்ல பாருங்க" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். "இன்னொரு தடவ இழுங்கண்ணே" என்றார்.